சக்கர வீட்டில் நாடு சுற்றிய நாவலாசிரியர்

1960-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி.

அமெரிக்காவில் நியூயார்க் நகருக்குக் கிழக்கே, கடலோரத்தில், சாக் ஹார்பர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டு வாசலில் பச்சை நிற லாரி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அது சாதாரண லாரி அல்ல. அதன் முதுகில் ஒரு குட்டி வீடே இருந்தது. கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதற்குள் அடக்கம்.

லாரியில் ஏறி உட்கார்ந்தவருக்கு வயது 58. உயரமான மனிதர். முகத்தில் தாடி. ஒரு வருஷத்துக்குள்தான் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவருக்குத் துணை ஒரு நாய். அதுவும் வயதான நாய். இந்த நிலையில் அமெரிக்கா முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வரப் புறப்பட்டுவிட்டார். ஏறத்தாழ 10 ஆயிரம் மைல்! அதாவது 16 ஆயிரம் கிலோமீட்டர்!

வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவருடைய மனைவிக்கு இதுதான் கவலை. ஆனாலும் அந்த அம்மாள் தடுக்கவில்லை. கணவரின் பிடிவாதம் அவருக்குத் தெரியும்.

அந்த மனிதர்தான் ஜான் ஸ்டீன்பெக். உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர். இரண்டு ஆண்டுக்குப் பிறகு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

பணம் இருந்தது. புகழ் இருந்தது. அழகான வீடு இருந்தது. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு அவர் ஏன் லாரியில் குடியேறினார்? அதைத் தெரிந்துகொள்ள, அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பிறப்பு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே சாலினாஸ் என்ற ஊரில், 1902-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஸ்டீன்பெக் பிறந்தார். ஊரைச் சுற்றிலும் விளைநிலங்கள். இரண்டு பக்கமும் மலைகள். சற்றுத் தூரத்தில் கடல்.

தகப்பனார் மாவட்டக் கஜானாவில் அதிகாரியாக இருந்தவர். தாயார் ஆலிவ், கல்யாணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். நான்கு குழந்தைகளில் ஜான் ஒருவர்தான் ஆண் பிள்ளை. தாயார் நிறையக் கதை சொல்லுவார். கதை கேட்டுக் கேட்டே பையனுக்குக் கதை எழுதும் ஆசை வந்துவிட்டது.

பள்ளி விடுமுறையில் ஜான் பண்ணைகளுக்கு வேலைக்குப் போவார். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் கூலியாட்களோடு பழகினார். அவர்கள் பேச்சையும் படும் பாட்டையும் அருகிலிருந்து பார்த்தார். பின்னாளில் அவருடைய கதைகளில் நடமாடியவர்கள் இப்படிப்பட்ட மனிதர்களே.

பட்டம் இல்லை, பணமும் இல்லை

1919-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில மாதம் படிப்பார். சில மாதம் எங்காவது வேலைக்குப் போய்விடுவார். இப்படி ஆறு ஆண்டு ஓடியது. கடைசியில் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார்.

எழுத்தாளர் ஆகவேண்டும் என்று சரக்குக் கப்பலில் ஏறி நியூயார்க் போனார். அந்தப் பெரிய நகரத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, கட்டடம் கட்டும் இடத்தில் கான்கிரீட் கலவை தள்ளுவது! பிறகு ஒரு பத்திரிகையில் நிருபர் ஆனார். அந்த வேலையும் நிலைக்கவில்லை. மறுபடியும் கப்பலில் வேலை செய்துகொண்டே ஊர் திரும்பினார்.

1929-ல் முதல் நாவல் வெளிவந்தது. வாங்குவார் அதிகம் இல்லை. மறு ஆண்டு கரோல் என்ற பெண்ணை மணந்தார். கடலோரத்தில் தகப்பனாருக்குச் சொந்தமான சிறு வீட்டில் தம்பதிகள் குடியிருந்தார்கள். தகப்பனார் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்து உதவினார். தோட்டத்தில் காய்கறி போட்டார்கள். கடலில் மீன் பிடித்தார்கள். இப்படியே காலம் தள்ளினார்கள்.

1935-ல்தான் ஒரு நாவல் நன்றாக விற்றது. ஆனால் மகனின் வெற்றியைக் கண்டு மகிழத் தாயார் இல்லை. அவர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். தகப்பனாரும் அதே 1935-ல் கண் மூடினார்.

அடுத்த நாவலுக்கு வேறொரு விபத்து வந்தது. ஸ்டீன்பெக் வளர்த்த டோபி என்ற நாய்க்குட்டி, எழுதி வைத்திருந்த தாள்களில் பாதியைக் கடித்துக் குதறிவிட்டது! இரண்டு மாத உழைப்பு வீண். அவர் நாயைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை. உட்கார்ந்து மறுபடியும் எழுதினார். 1937-ல் வெளிவந்த அந்தச் சிறு நாவல் அவரை நாடறிந்தவர் ஆக்கியது.

முதல் சக்கர வீடு

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும் பஞ்சம். ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்தது. காற்று அடித்து மண்ணைப் புழுதியாக அள்ளிக்கொண்டு போனது. கடனைக் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம் பாங்கிக்காரர்களிடம் போயிற்று. ஏர் பிடித்த குடும்பங்கள் இருந்த இடத்தில் டிராக்டர் வந்தது.

லட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை இழந்தார்கள். ஓட்டை மோட்டார்களில் பாயையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, கிழவர், குழந்தை எல்லாரோடும் மேற்கே புறப்பட்டார்கள். கலிபோர்னியாவுக்குப் போனால் பழத்தோட்டங்களில் வேலை கிடைக்கும் என்று நம்பினார்கள். அவர்களுக்கு மோட்டார்தான் வீடு. சாலை ஓரம்தான் ஊர்.

இவர்களைப் பற்றி எழுதித் தரும்படி 1936-ல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்று ஸ்டீன்பெக்கைக் கேட்டது. நல்ல உடை உடுத்து, புது மோட்டாரில் போய் இறங்கினால் அந்த மக்கள் மனம் விட்டுப் பேசுவார்களா? மாட்டார்கள். ஆகவே ஸ்டீன்பெக் ஒரு காரியம் செய்தார்.

ரொட்டிக் கடைக்காரர்கள் ரொட்டி கொண்டுபோகும் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அதன் தரையில் ஒரு மெத்தையைப் போட்டார். அவ்வளவுதான், வீடு தயார்! அந்த லொடலொட வண்டியை ஓட்டிக்கொண்டு குடியானவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கெல்லாம் போனார். அவர்கள் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினார். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார்.

அவர் கண்ட காட்சிகள் நெஞ்சைப் பிளந்தன. கந்தலும் அட்டையும் கொண்டு கட்டிய குடிசைகள். பால் இல்லாமல் மெலிந்த குழந்தைகள். பழம் பழுத்துக் குலுங்கும் தோட்டத்துக்கு அருகிலேயே பசியால் வாடும் மக்கள். 1938-ல் அவர்கள் தங்கியிருந்த இடங்களில் வெள்ளம் புகுந்தபோது, அவரும் போய் உதவி செய்தார்.

இந்த மனக்கொதிப்பிலிருந்து பிறந்ததுதான் 'கோபத்தின் கனிகள்' என்று பொருள்படும் பெரிய நாவல். நிலம் இழந்த ஜோடு என்ற குடும்பம், பழைய மோட்டாரை லாரியாக மாற்றி, 66-ம் நம்பர் நெடுஞ்சாலை வழியாக மேற்கே போகும் கதை அது. ஐந்தே மாதத்தில் இரவு பகலாக எழுதி முடித்தார்.

1939-ல் புத்தகம் வெளிவந்ததும் நாடே அல்லோலகல்லோலப்பட்டது. லட்சக்கணக்கில் விற்றது. பண்ணை முதலாளிகள் கொதித்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு மாவட்டத்தின் நூல்நிலையங்களில் புத்தகத்துக்குத் தடை போட்டார்கள். தெருவில் போட்டு எரிக்கவும் செய்தார்கள். சொந்த ஊரான சாலினாசிலேயே பலர் அவரை வெறுத்தார்கள். மறு ஆண்டில் அதே புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

புகழ் கட்டிய சுவர்

புகழோடு துன்பமும் வந்தது. கரோலோடு நடந்த மணவாழ்க்கை முறிந்தது. 1943-ல் இரண்டாவது கல்யாணம். இரண்டு ஆண் குழந்தைகள். அந்த மணமும் 1948-ல் முறிந்தது. அதே ஆண்டில், அவருடைய உயிர் நண்பரான கடல் ஆராய்ச்சியாளர் எட் ரிக்கெட்ஸ் சென்ற மோட்டார் மீது ரயில் மோதியது. அவர் இறந்து போனார். ஸ்டீன்பெக் மனம் ஒடிந்தார்.

1950-ல் எலைன் என்ற அம்மையாரை மணந்த பிறகுதான் அவருக்கு அமைதி கிடைத்தது. பிறகு சாக் ஹார்பரில் வீடு வாங்கினார்கள்.

ஆனால் ஒரு குறை அவர் மனத்தை அரித்தது. அமெரிக்க மக்களைப் பற்றி எழுதுகிறவர் அவர். அந்த மக்களோடு நெருங்கிப் பழகி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் ஊராகப் போனாலும் விமானத்தில் போவார், பெரிய ஓட்டலில் தங்குவார். தம் நாட்டை நேரில் பார்க்காமல், பழைய ஞாபகத்தை வைத்துக்கொண்டே எழுதுகிறோமே என்று வெட்கப்பட்டார்.

1959-ம் ஆண்டுக் கடைசியில் திடீரென்று மயங்கி விழுந்தார். ஓய்வு எடுக்கும்படி வைத்தியர்கள் சொன்னார்கள். நோய் வந்தபின் மூலையில் உட்கார்ந்து, மனைவிமார் கையில் குழந்தையைப்போல் ஆகிவிட்ட பல ஆண்களை அவர் பார்த்திருந்தார். அப்படி வாழ அவருக்கு மனம் வரவில்லை. இருபத்துநான்கு ஆண்டுக்கு முன் ரொட்டி வண்டியில் போனது நினைவுக்கு வந்தது. மறுபடியும் சாலைக்குப் போவது என்று தீர்மானித்தார்.

பயண ஏற்பாடு

இந்த முறை ஓட்டை வண்டி உதவாது. தூரம் அதிகம். வயதும் ஆகிவிட்டது. ஆகவே லாரி செய்யும் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். முக்கால் டன் பாரம் தாங்கும் லாரி வேண்டும், கரடுமுரடான பாதையிலும் போக வேண்டும், அதன்மேல் கப்பல் அறையைப்போல் ஒரு சிறிய வீடு வேண்டும் என்று கேட்டார்.

அப்படியே வந்து சேர்ந்தது ஜி.எம்.சி. லாரி. வீட்டுக்குள் இருவர் படுக்கும் கட்டில். நான்கு அடுப்புகள். குளிருக்குக் கணப்பு. அடுப்பும் கணப்பும் ஐஸ் பெட்டியும் விளக்கும் காஸில் வேலை செய்தன. கொசு வராமல் ஜன்னலுக்கு வலை. கழிப்பறை வசதியும் இருந்தது.

லாரிக்கு ஒரு பெயரும் வைத்தார். 'ரோசினாண்டே' என்று பெயர். ஸ்பெயின் தேசத்துப் பழைய கதை ஒன்றில், டான் குவிக்ஸோட் என்ற கிழவர் தம்மை மாவீரராக நினைத்துக்கொண்டு, காற்றாலைகளோடு சண்டைக்குப் போவார். அவர் ஏறிப் போன நோஞ்சான் குதிரையின் பெயர்தான் ரோசினாண்டே. தம்முடைய பயணமும் அப்படி ஒரு கிறுக்குத்தனமே என்று ஸ்டீன்பெக் தம்மைத்தாமே கேலி செய்துகொண்டார்.

பயணக் காலத்தையும் நன்றாக யோசித்துக் குறித்தார். கோடை விடுமுறையில் சாலை எல்லாம் கூட்டமாக இருக்கும். பள்ளிகள் திறந்து, கூட்டம் கலைந்த பிறகு புறப்படுவது என்று வைத்துக்கொண்டார். குளிர் முற்றுவதற்குள் வடக்கே போய்விட வேண்டும். பிறகு மேற்கே திரும்பி, பசிபிக் கடலைப் பார்த்துவிட்டு, பனிக்காலத்தில் வெயில் உள்ள தெற்கு வழியாக வீடு திரும்ப வேண்டும். இதுதான் திட்டம்.

வேலை இல்லாமல் சுற்றும் அந்நியனைக் கண்டால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் அல்லவா? அதற்காகத் துப்பாக்கியும் தூண்டிலும் எடுத்து வைத்தார். வேட்டைக்காரன் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்!

துணி துவைக்க அவர் கண்ட வழி வேடிக்கையானது. மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வாங்கினார். அதில் அழுக்குத் துணி, வெந்நீர், சோப்பு எல்லாவற்றையும் போட்டு, இழுத்தால் நீளும் கயிற்றால் லாரிக்குள் கட்டித் தொங்கவிட்டார். சாலையில் லாரி குலுங்கக் குலுங்க, துணி தானே வெளுத்தது!

ஒரே ஒரு தப்புச் செய்தார். கருவிகள், தகரத்தில் அடைத்த உணவு, புத்தகங்கள், கட்டுக் கட்டாகத் தாள் என்று தேவைக்குப் பல மடங்கு சாமான் ஏற்றிவிட்டார். அந்தத் தப்புக்கு வழியில் தண்டனை காத்திருந்தது.

புயல் வந்தது

எல்லாம் தயாரான சமயத்தில், செப்டம்பர் 12-ந் தேதி, டோனா என்ற பெரும் புயல் வந்து தாக்கியது. கரையருகே கட்டியிருந்த ஸ்டீன்பெக்கின் படகு மீது வேறு படகுகள் வந்து மோதின. அவர் யோசிக்கவில்லை. கொந்தளிக்கும் தண்ணீரில் குதித்து நீந்தினார். படகில் ஏறி, அதை ஓட்டிக்கொண்டு போய்ப் பத்திரமான ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சினார். மறுபடியும் குதித்து, மிதந்து வந்த மரக்கிளை ஒன்றைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார். நோயாளி என்று யாரைச் சொன்னார்கள்!

கடைசியில், தனிமைக்குத் துணையாகச் சார்லி என்ற நாயையும் அழைத்துக்கொண்டார். அது பாரிஸ் நகரத்துக்கு அருகே பிறந்த பூடில் ஜாதி நாய். சாம்பல் நிறம். பிரெஞ்சு பாஷையில் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்ளும்.

சாலையில் கண்டவை

முதலில் வடக்கே போய், மகன் படித்த பள்ளியில் அவனைப் பார்த்தார். பிறகு மெயின் மாநிலம். இலையுதிர் காலத்தில் அங்கே மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்ததுபோல் நிற்கும். உருளைக்கிழங்கு அறுவடைக்காகக் கனடாவிலிருந்து வந்து, ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருந்த குடும்பம் ஒன்றைக் கண்டார். அறிமுகமே இல்லாத அவர்களைத் தம் லாரி வீட்டுக்கு அழைத்து உபசரித்ததாக எழுதியிருக்கிறார். உட்கார இடம் இல்லை. ஆனாலும் எல்லாரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து மகிழ்ந்தார்களாம்.

நயாகரா அருகே ஒரு தடங்கல். கனடா வழியாகப் போனால் குறுக்கு வழி. ஆனால் சார்லிக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட சர்ட்டிபிகேட் இல்லை. அது இல்லாமல் போனால் திரும்பி அமெரிக்காவுக்குள் வர முடியாது. உலகப் புகழ் எழுத்தாளர், ஒரு துண்டுக் காகிதத்துக்காக வண்டியைத் திருப்பினார்!

வேகமாகப் போவதற்கென்று போட்ட பெரிய நெடுஞ்சாலை அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் போனால் வண்டியைத்தான் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது என்பது அவர் கருத்து. கூடியவரை சின்னச் சாலைகளில் போனார். சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் காலை ஆகாரம் சாப்பிட்டார். சிக்காகோவில் எலைன் அம்மாள் விமானத்தில் வந்து சேர்ந்துகொண்டார். சில நாள் ஒன்றாக இருந்தார்கள். மற்ற நாட்களில் வழியிலிருந்தே மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

மாண்டானா மாநிலத்தின் மலைகளும் புல்வெளிகளும் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டன. யெல்லோஸ்டோன் காட்டில் கரடி பார்க்கப் போனார். பரம சாதுவான சார்லி, கரடியைக் கண்டதும் பேயாக மாறிக் குலைத்தது. ஒரு மைல் போவதற்குள் காட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஆரகன் மாநிலத்தில், மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமை, டயர் வெடித்தது. மிதமிஞ்சிய சாமான் ஏற்றியதன் பலன்! சேற்றில் படுத்து டயரைக் கழற்றினார். வேறு டயரும் போகும் நிலையில் இருந்தது. பயங்கரத் தோற்றம் கொண்ட பெட்ரோல் பங்குக்காரர் ஒருவர் பல இடங்களுக்குப் போன் செய்து, விடுமுறை நாளிலும் டயர் வரவழைத்துக் கொடுத்தாராம். முகத்தைப் பார்த்து மனத்தை எடை போடக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டார்.

கலிபோர்னியாவில் வானளாவிய ரெட்வுட் மரங்களைச் சார்லிக்குக் காட்டினார். பிறந்த ஊர்ப் பக்கம் போனார். பழைய நண்பர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அது தேர்தல் காலம். தாம் கென்னடி கட்சி, சகோதரிகள் நிக்சன் கட்சி. பேச்சு முற்றிச் சண்டையில் முடிந்தது. சிறு வயதில் ஏறி விளையாடிய மலையுச்சிக்குப் போய், கீழே தெரிந்த பள்ளத்தாக்கை ஒரு முறை பார்த்தார். தாமும் ஊரும் ஒருவருக்கொருவர் அந்நியமாகிவிட்டது புரிந்தது. கீழே இறங்கி வண்டியைக் கிளப்பினார்.

பாலைவனத்தில் இரண்டு ஓநாய் ஜாதி மிருகங்கள் நின்று அவரையே பார்த்தன. துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தார். சுட மனம் வரவில்லை. நாய்க்கு வைத்திருந்த உணவு டின் இரண்டைத் திறந்து, அவற்றுக்காக வைத்துவிட்டுப் போனார்.

டெக்சாசில் சார்லி நோயில் விழுந்தது. ஒரு இளம் மிருக வைத்தியர் நான்கு நாள் வைத்திருந்து குணப்படுத்தினார்.

ஆறு வயதுச் சிறுமி

பயணத்தின் கடைசிக் கட்டம், தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம். அந்த ஊரில் அதுவரை வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. அது செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்புச் சிறுமி, வெள்ளையர் பள்ளியில் அடியெடுத்து வைத்தாள். மத்திய சர்க்கார் அதிகாரிகள் அவளுக்குக் காவலாக நடந்து வந்தார்கள்.

தினமும் காலையில் பள்ளி வாசலில் ஒரு கூட்டம் கூடியது. அதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். குழந்தை பெற்ற தாய்மார்கள்! அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்து, காதால் கேட்க முடியாத வார்த்தைகளால் திட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஸ்டீன்பெக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைப் பார்த்தார். அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. நியூ ஆர்லியன்ஸ் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு வாய் உண்ணவும் அவருக்கு மனம் இல்லை. ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அதன்பின் எந்தக் காட்சியும் அவர் மனத்தில் பதியவில்லை. மலை வந்தது, ஆறு வந்தது, ஊர் வந்தது. எதையும் பார்க்காமல் வீட்டை நோக்கி ஓட்டினார். கடைசியில், தாம் குடியிருக்கும் நியூயார்க் நகரத்துக்குள் வந்ததும் வழி தவறிவிட்டார்! 10 ஆயிரம் மைல் சுற்றியவர், சொந்த ஊரில் போலீஸ்காரரிடம் வழி கேட்டார். சுமார் பதினொரு வாரப் பயணம் இப்படி முடிந்தது.

நடந்தது எல்லாம் நிஜமா?

இந்தப் பயணத்தை அவர் புத்தகமாக எழுதினார். 1962-ல் வெளிவந்து அமோகமாக விற்றது. லாரி வீட்டில் ஊர் சுற்றும் ஆசையை எத்தனையோ பேருக்கு மூட்டிவிட்டது அந்தப் புத்தகம்.

ஐம்பது ஆண்டுக்குப் பின், 2010-ல், பத்திரிகையாளர் ஒருவர் அதே வழியில் போய், பழைய கடிதங்களையும் கைப்பிரதியையும் ஒத்துப் பார்த்தார். பல இரவுகளில் ஸ்டீன்பெக் லாரியில் படுக்கவில்லை, ஓட்டல்களிலும் நண்பர் வீடுகளிலும் தங்கினார் என்று தெரிந்தது. மேற்குக் கரையில் பல நாள் மனைவியும் கூட இருந்திருக்கிறார். வழியில் சந்தித்ததாக எழுதிய சிலர் கற்பனை மனிதர்களாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். புத்தகத்தைப் பின்னர் வெளியிட்டபோது, இதை முழுக்க முழுக்க நடந்ததாகக் கொள்ள வேண்டாம் என்று முன்னுரையிலேயே குறிப்பிட்டார்கள்.

இதில் ஆச்சரியம் இல்லை. நோய் தேறாத உடம்பு. இரவு வந்தால் தனிமை. சக்கர வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், பேச மனிதர் இல்லாத வீடு கசக்கத்தான் செய்யும். ஆனால் பள்ளி வாசலில் அவர் கண்டது கற்பனை அல்ல. அந்த நாளைய பத்திரிகைகளிலும் படங்களிலும் அதற்குச் சாட்சி இருக்கிறது.

இரண்டு வண்டிகள்

ரோசினாண்டேயைக் கண்டவர்கள் எல்லாரும் ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்று ஸ்டீன்பெக் எழுதியிருக்கிறார். எங்காவது கிளம்பிப் போய்விட மாட்டோமா என்று அவர்கள் கண்கள் கேட்டனவாம். 1936-ல் அவர் கண்ட குடியானவர்களின் கண்களில் இருந்த ஏக்கம் வேறு. எங்காவது நிலையாகத் தங்க ஓர் இடம் கிடைக்காதா என்பது அவர்கள் ஏக்கம். சக்கரத்தின் மேல் வீடு இருந்தது இரண்டு காலத்திலும் உண்மை. ஒருவருக்கு அது வேடிக்கை. இன்னொருவருக்கு வேறு கதி இல்லாத நிலை. இரண்டையும் பார்த்தவர் ஸ்டீன்பெக்.

இன்று குடும்பத்தோடு வண்டி வீட்டில் ஊர் சுற்றப் புறப்படுகிறவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. கூட்டம் இல்லாத பருவம் பார்த்துப் புறப்பட வேண்டும். வண்டி தாங்கும் அளவுக்கே சாமான் ஏற்ற வேண்டும். நாய் வந்தால் அதற்கும் காகிதம் வேண்டும். அவசரம் இல்லாத இடத்தில் சின்னச் சாலையில் போக வேண்டும். இவற்றை எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே திட்டம் போட்டுவிடலாம். ஆனால் அழகான காட்சி தேடிப் போகிறவன் கண்ணில் அழகு இல்லாத காட்சியும் படும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். ஸ்டீன்பெக் பார்த்தார், பார்த்ததை எழுதினார்.

கடைசி நாட்கள்

1962-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு சார்லி இறந்துவிட்டது. ஸ்டீன்பெக்கின் இருதயம் நாளுக்கு நாள் பலவீனம் அடைந்தது. 1968-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, நியூயார்க்கில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. அவருடைய சாம்பலை எலைன் அம்மாள் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். சாலினாசில், தாய் தந்தையர் அருகே அடக்கம் செய்தார்கள்.

ஒரு காலத்தில் அவரை வெறுத்த அந்த ஊர், மறு ஆண்டே தன் நூல்நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1998-ல் அவர் நினைவாக அங்கே ஒரு காட்சிசாலையும் திறந்தார்கள். பச்சை நிற ரோசினாண்டேயை அதற்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டி, அந்தக் குட்டி வீட்டின் உள்ளே பார்க்கிறார்கள்.